அட்டையில் இல்லாத கட்டி

எண்பத்திரண்டில் பேராதனை மருத்துவ பீடத்திலிருந்து லீவில் எங்கள் ஊரான சாய்ந்தமருதுக்கு வந்தபோது என் பெட்டிக்குள் பன்னிரண்டு நோயாளிகள் இருந்தார்கள். எல்லாரும் அட்டைகள்தான். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய எங்கள் விரிவுரையாளர் எழுதித் தந்தவர்கள். அட்டைக்கு ஒருவர்: பெயர், வயது, நோய். யாராவது அதைப் பாடமாக்கி நோயாளியாக நடிக்க வேண்டும். அட்டையைப் பார்க்காமல் கேள்வி கேட்டே மாணவன் அந்த வருத்தத்தைப் பிடிக்க வேண்டும். அடுத்த மாதம் பரீட்சை.

உம்மாவைக் கேட்டேன். "நல்லா இரிக்கக்குள்ள வருத்தமெண்டு செல்லப்படாது" என்று விரட்டிவிட்டா. எங்கள் ஊரில் விளையாட்டுக்கும் அப்படிச் சொல்லமாட்டார்கள். என் அக்கா றாஹிலா ராத்தா மட்டும், "நான் நடிக்கிறன்" என்றாள். ஏன் என்று நான் யோசிக்கவில்லை. ஆள் கிடைத்தால் போதும் எனக்கு.

மூன்று நாளில் ராத்தா கைதேர்ந்த நோயாளி. அவள் இருமினால் பக்கத்து வீட்டுக் கோழிகள் கலைந்து ஓடும். நான்தான் தேறவில்லை. முதல் மூன்று பேரையும் கொன்றுவிட்டேன்.

"டொக்டராகி இந்த ஊருக்கு வந்திராதடா" என்றாள். "கபுறுக்குழி வெட்ட ஆள் காணாது."

நாலாம் நாள் அட்டையில் சின்னத்தங்கம், நாற்பது வயது, மீன் விற்பவள். ராத்தாவின் புருஷன் ஹமீட் மச்சான் வட்டைக்குப் போயிருந்தார். வயல் வேலை முடிந்து பின்னேரம்தான் வருவார். பசி, நித்திரை, வாந்தி எல்லாம் கேட்டேன். ஒன்றும் பிடிபடவில்லை.

"வேற ஏதும் இரிக்கா அம்மா?"

ராத்தா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "நெஞ்சில ஒரு கட்டி இரிக்கி."

விடுவேனா? துருவித் துருவிக் கேட்டேன். குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டதாம். நாலு மாதமாம். புளியங்கொட்டை அளவாம். நோவில்லையாம். புருஷனிடமும் சொல்லவில்லையாம். ஆண் டொக்டரிடம் காட்ட வெட்கமாம்.

"கான்சர்!" என்று தொடையில் தட்டினேன். "ரொம்பப் பிந்திட்டு. இவ தப்ப மாட்டா."

அட்டையைப் பறித்துப் பார்த்தேன். வயிற்றுப்புண் என்று இருந்தது. கட்டி பற்றி ஒரு சொல் இல்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இதில கட்டியே இல்லயே ராத்தா! இல்லாததக் கதைச்சா நான் எப்படிப் படிக்கிற?"

"சின்னத்தங்கத்துக்கு இரிக்கி" என்றாள், நிலத்தைப் பார்த்தபடி.

அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். முகம் வெளிறியிருந்தது. என் நாக்கைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. என்ன சொல்லிவிட்டேன்!

கூடப்பிறந்த தம்பியிடம் அவளால் இதற்கு மேல் சொல்ல முடியாது. நானும் நேரே கேட்கக் கூடாது. மறுபடி டொக்டராக நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நான் செல்லினது பிழை. கட்டியெல்லாம் கான்சர் இல்ல. கையால பார்க்காம ஒருத்தரும் செல்ல ஏலா. மட்டக்களப்பில ஒரு பொம்புள டொக்டர் இரிக்கிறா. நாளைக்கே போகச் செல்லுங்க. தம்பி இரிந்தா கூட்டிட்டுப் போவான்."

"ஓம்" என்றாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனோம். டொக்டர் அடுத்த கிழமையே கட்டியை வெட்டியெடுத்துக் கொழும்புக்குச் சோதனைக்கு அனுப்பினா. முடிவு வர மூன்று கிழமை. மச்சானுக்கு உம்மாதான் விஷயத்தைச் சொன்னா. மனுஷன் சோறு தின்னாமல் திரிந்தார். நான் ஒரு புத்தகமும் திறக்கவில்லை. "தப்ப மாட்டா" என்ற என் குரல்தான் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

முடிவு வந்த அன்று ராத்தா மட்டும் டொக்டரின் அறைக்குள் போனாள். நான் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து ஓதினேன். எதை ஓதினேன் என்று இன்றும் தெரியாது.

கதவு திறந்தது. "கான்சர் இல்லயாம். சும்மா கட்டியாம். அல்ஹம்துலில்லாஹ்" என்றாள்.

அத்தனை பேர் பார்க்க, வாங்கிலேயே இருந்து விம்மி விம்மி அழுதேன். ராத்தா பக்கத்தில் வந்து முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

"டேய், வருத்தக்காரி நான். அழுறது நீயா?"