ஒற்றைத் தொண்டையில் ஒரு சந்தை

பொழுது விடியும் நேரத்தில் என்னை அந்தக் கண்ணாடி வைத்த ஒலிப்பதிவு அறைக்குள் விட்டுக் கதவை இழுத்துச் சாத்தினார்கள். இரைச்சல் பதிவாகிவிடும் என்று ஏசியையும் நிறுத்திவிட்டார்கள். சுவரெல்லாம் பஞ்சு; காற்று நுழைய வழியே இல்லை. இரண்டாவது குரலைப் பேசி முடிப்பதற்குள் வியர்வையில் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

கூட்டக் குரல் எங்கள் தொழில். படத்தில் சந்தை, ரயில் நிலையம், கலவரம் எது வந்தாலும் பின்னால் கேட்கும் சத்தம் நாங்கள்தான். ஒரே மைக்கைச் சுற்றித் தோளை இடித்துக்கொண்டு கத்துவோம். நோய் வந்தது, தியேட்டர்களை மூடினார்கள். எங்கள் செல்போன்கள் மாதக்கணக்கில் ஊமையாகக் கிடந்தன. இப்போது வீட்டிலிருந்தே பார்க்கும் தொடர் ஒன்று வந்திருக்கிறது. ஆனால் அறைக்குள் ஓர் ஆளுக்குத்தான் அனுமதி.

"கிழவி, குழந்தை, ஆம்பளைன்னு எல்லாக் குரலும் உனக்கு வரும். நீயே மாத்தி மாத்திப் பேசு. ஒன்னுமேல ஒன்னு அடுக்கிக் கூட்டமாக்கிடலாம்" என்றார் ஸ்டுடியோ முதலாளி. கூலி மட்டும் ஒருத்திக்கு, அதிலும் பாதி.

என் நாத்தனாருக்கும் இதே தொழில்தான். நோயில் விழுந்து எழுந்தவள்; அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை. நான் கிளம்பும்போது விழித்திருந்தும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

பேரம் பேசும் கிழவியாக ஆரம்பித்தேன். அடுத்து மூட்டை தூக்குபவர். இத்தனை குரலுக்கு நான் எங்கே போவேன்? தெரிந்த தொண்டைகளிலிருந்துதான் எடுத்தேன். மூட்டைக்காரருக்கு எங்களோடு மைக்கைச் சுற்றிக் கத்தும் பீப்பாயண்ணனின் கரகரப்பு. பூ விற்பவளுக்கு ஒரு சிரிப்பு தேவைப்பட்டது. சிரித்தேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்பவன் கருவியிலிருந்து கையை எடுத்துவிட்டான். 'காது' என்றுதான் எல்லோரும் அவனைக் கூப்பிடுவோம்.

"அக்கா, இது உங்க நாத்தனார் சிரிப்புல்ல? அவங்கதான் வந்துட்டாங்களோன்னு திரும்பிப் பாத்துட்டேன்."

அவன் பதிந்ததையெல்லாம் ஒன்றாக ஓடவிட்டான். ஹெட்போனில் சந்தை எழுந்தது. யாரையெல்லாம் வர வேண்டாம் என்றார்களோ, அவர்கள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். ஹெட்போனைக் கழற்றினேன்.

"கதவத் திற தம்பி."

முதலாளி வாசலில் நின்றார். "என்னம்மா, தொண்டை கட்டிக்கிச்சா?"

"தொண்டை நல்லாத்தான் இருக்கு சார். அதுல பேசினதுதான் நானில்ல. அவங்களையும் கூப்பிடுங்க. ஒருத்தர் பேசி முடிச்சதும் கதவத் திறந்துபோட்டுக் காத்தாட விடுங்க. அப்புறம் அடுத்த ஆளு. ஆளுக்கு முழுக் கூலி."

"ஊரே முடங்கிக் கிடக்கையில வேலை குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும். இன்னும் பாதிச் சந்தை பாக்கி கிடக்கு. நீ இல்லன்னா இன்னொருத்தி."

வீட்டுக்கு வந்து நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உன் சிரிப்ப அங்க சிரிச்சுட்டு வந்துட்டேன்."

"எவ்வளவுக்கு வித்தீங்க அண்ணி?"

"பாதிக் கூலிக்கு."

"என் சிரிப்பு அவ்வளவு மலிவா?" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. மூச்சு சீரானதும் செல்போனை எடுத்தாள். "பீப்பாயண்ணனுக்கு நான் சொல்றேன். மத்தவங்களுக்கு நீங்க சொல்லுங்க."

மறுநாள் விடியலில் ஸ்டுடியோ வாசலிலிருந்து முகக்கவசத்தோடு வரிசையாக நின்றோம். முதலாளி இறங்கி வந்தார்.

"கூட்டம் கூடக் கூடாதுன்னு தெரியாது?"

"எங்க சார் கூடினோம்? தள்ளித் தள்ளித்தான நிக்கிறோம்" என்றாள் நாத்தனார்.

"எவளையாவது கூட்டிட்டு வந்து முடிச்சுக்கறேன், போங்க."

"யாரை சார்? இந்த ஊர்ல கூட்டக் குரல் குடுக்கிற அத்தனை பேரும் இங்கதான் நிக்கிறோம்" என்றார் பீப்பாயண்ணன். "வேணும்னா எண்ணிப் பாருங்க."

அதற்குமேல் நாங்கள் சத்தமே போடவில்லை. சத்தம் போட்டே பிழைத்தவர்கள் இப்படி நின்று நான் பார்த்ததில்லை. முதலாளியின் சட்டைப்பையில் போன் அடித்தது. தொடர்க்காரர்களாகத்தான் இருக்கும். எடுக்காமல் அடிக்க விட்டார்.

உள்ளேயிருந்து காது வந்தான். கழுத்தில் ஹெட்போன் இன்னும் தொங்கியது.

"உனக்கு மாசச் சம்பளம்டா, உள்ள போ" என்று பீப்பாயண்ணன் அதட்டினார்.

"நான் எங்க நிக்கணும்?" என்று கேட்டான் அவன்.

நாத்தனார் பின்னால் கைகாட்டினாள்.

தோளை இடித்து நின்ற காலத்தில் ஒரு சின்ன அறைக்குள் அடங்கிவிடுவோம். தள்ளித் தள்ளி நின்றதில் வரிசை தெருமுனையைத் தொட்டிருந்தது. காது நடந்துபோய் அந்த முனையில் திரும்பினான். முதலாளி படியேறி நின்று எட்டிப் பார்த்தார். கடைசி ஆள் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.