ஏழாம் குழியின் மணி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் என் கணவரின் கால்சட்டைப் பை. துவைக்கப் போடுமுன் பைகளைத் துழாவுவது என் வழக்கம். நாலாக மடித்த ஓர் அட்டை கையில் வந்தது. கோல்ஃப் ஆட்டத்தில் எந்தக் குழியில் எத்தனை அடிக்குப் பந்து விழுந்தது என்று குறித்துக்கொள்ளும் அட்டை. பதினெட்டுக் கட்டங்கள். ஏழு வரைக்கும் என் அண்ணனின் கோழிக் கிறுக்கல். எட்டிலிருந்து ஒன்றும் இல்லை.

ஏழாவது கட்டத்துக்குப் பிறகு என் அண்ணனுக்கு இடது கண் இல்லை.

(இப்படி எடுத்த எடுப்பில் தலையில் போடக் கூடாது என்று எனக்கும் தெரியும். இருபது வருடமாகக் கதை எழுதுகிறேன். ஆனால் எனக்குச் செய்தி இப்படித்தான் வந்தது, தொலைபேசியில், அடுப்பில் பால் இருந்தபோது. பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்திருக்கிறது. அதை நான் பார்த்தது மறுநாள் காலையில்.)

2

கைவிட்ட தொடக்கங்கள்:

"அந்த மைதானம் இரண்டு பேருக்குமே புதிது. ஓங்கி வளர்ந்த மரங்களுக்கு நடுவே வெட்டி விட்ட புல்வெளி, ஏதோ பெரிய பூங்காவுக்குள் நுழைந்துவிட்டதுபோல—"

இது சுற்றுலாக் கட்டுரை.

"மச்சானும் மாப்பிள்ளையும் ஆட்டத்துக்குப் போனால் ஒருவர்தான் முழுசாகத் திரும்புவார் என்று—"

இது கேவலம்.

"ஓர் ஓவிய ஆசிரியர் தன் மனைவியின் அண்ணனோடு—"

இதில் பத்துப் பக்கம் போனேன். பிறகு கிழித்தேன். என் கணவர் ஓவிய ஆசிரியர் இல்லை. அவருடைய உண்மையான தொழிலை இப்போது சொல்ல மாட்டேன், சொன்னால் கதை இங்கேயே முடிந்துவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன் என்று தெரிந்தேதான் செய்கிறேன். என் அண்ணன் கூப்பிடுகிற மாதிரி அவரை 'மாப்பிள்ளை' என்றே எழுதுகிறேன்.

அண்ணனின் தொழிலைச் சொல்லலாம். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். எந்த வண்டியில் ஏறினாலும், ஏன், வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும், வலது கால், அங்கே இல்லாத பிரேக்கைத் தேடும். சந்திப்பில் தயங்கி நிற்கிற மாணவர்களிடம் அவர் சொல்வது ஒரே வாக்கியம்: "எதிர்ல யாரும் இல்ல. போ."

3

மாப்பிள்ளைக்கு அந்த ஆட்டமே பிடிக்காது. நாலு மாதமாக மச்சான் தொல்லை தாங்காமல், தட்டையான ஒரு பொது மைதானத்தில் உப்புக்குச் சப்பாணியாக ஆடிக்கொண்டிருந்தார். அங்கே புல் மாற்றுகிறார்கள் என்று மூடியதால்தான் இந்தப் புது இடம்.

மச்சான் ஒவ்வோர் அடியையும் சத்தமாக எண்ணுவார். "ஆறு... ஏழு... மாப்ள, பந்தைத்தான் அடிக்கணும், பூமியை இல்ல." பின்னால் வருகிறவர்கள் சிரிப்பார்கள். மாப்பிள்ளையும் சிரிப்பார். காது மட்டும் சிவந்துவிடும். மாப்பிள்ளைக்கு வாய் வராது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் மச்சானை அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை.

ஏழாம் குழியில் அதிசயம் நடந்தது. மூன்று அடியில் மரங்களைத் தாண்டி வந்து, நாலாவது அடியில் பந்தைக் குழிக்குள் உருட்டிவிட்டார். நல்ல ஆட்டக்காரர்கள் எடுக்கிற எண்ணிக்கை அது. மச்சான் 'நாலு' என்று எழுதினார். எழுதிய பென்சில் நின்றது.

"மரத்தடியில மட்டையை வச்சப்போ பந்து அசைஞ்சுதே, மாப்ள. நீங்க அசைச்சா ஒரு அடி கூட்டணும்."

"நான் தொடவே இல்ல மச்சான். காத்துல அசைஞ்சிருக்கும்."

"காத்தா?" மச்சான் அண்ணாந்து பார்த்தார். "ஒரு இலையாவது ஆடுதா சொல்லுங்க."

இதுவரை இருவரும் சொல்வது ஒன்றுதான். சண்டை இல்லை, பிறகு மட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தோம் என்று இருவருமே சொன்னார்கள். அடுத்த இரண்டு நிமிடம்தான் என் கழுத்தைப் பிடிக்கிறது.

4

ஏழாம் குழி ஒரு மேட்டுக்கு அந்தப் பக்கம், பள்ளத்தில் இருக்கிறது. (நான் போய்ப் பார்த்தேன்.) மேட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்குக் குழியருகே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. அதனால் குழியைத் தாண்டிய பாதையில், உயரமான வேலிப் புதருக்குப் பின்னால், ஒரு கம்பத்தில் பித்தளை மணி தொங்குகிறது. ஆட்டக்காரர்கள் விலகிவிட்டால் அதை அடிக்க வேண்டும். மணி கேட்டபின் பின்னால் இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம். மணியடியில் நின்று பார்த்தேன். புதர் மறைக்கிறது, குழி தெரியாது. ஆனால் இருபது அடி தூரம்தான், பேச்சு கேட்கும்.

இனி நான் எழுதியது:

பாதையில் பாதி வந்ததும் மச்சானுக்கு ஞாபகம் வந்தது. "இருங்க மாப்ள, ஒரு மட்டையை அங்கயே விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அப்போது மரங்களுக்கிடையே திடீரென்று ஒரு பெருங்காற்று எழுந்தது. அந்த இரைச்சலில் மச்சான் சொன்னது மாப்பிள்ளையின் காதில் விழவில்லை. அவர் பின்னாலேயே வருகிறார் என்று நினைத்து, விளையாட்டாக, மணியின் கயிற்றை இழுத்தார்.

(அந்தக் காற்றைக் கூட்டி வந்தது நான். மரத்தடியில் பந்தை அசைத்த காற்று பத்து நிமிடம் கழித்து வீசக் கூடாதா? அண்ணனிடம் கேட்டேன். "சொல்லிட்டுத்தான் போனேனா, மனசுல நினைச்சுக்கிட்டுப் போனேனா, தெரியல. அடிபட்டதுல எல்லாம் கலங்கிப் போச்சு" என்றார். என் கணவரிடம் கேட்டேன். "புது இடம். அந்த மணி எதுக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். நான் கேட்டது அதை இல்லை.)

மச்சான் மட்டையை எடுக்கக் குனிந்தார். சத்தம் எதுவும் பெரிதாக வரவில்லை. மாப்பிள்ளை புதரைச் சுற்றி ஓடி வந்தபோது மச்சான் புல்லில் முட்டி போட்டு, முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, எதையோ தொலைத்தவர்போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் இடுக்கில் ரத்தம்.

மேட்டின் மேல் ஒரு மனிதர் தோன்றினார். முகமெல்லாம் சிரிப்பு. ஜென்மத்துக்கு ஒருமுறை அப்படி ஓர் அடி அமையுமாம்.

"பந்து குழிகிட்ட விழுந்துச்சா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

 

5

சரி, பூசணிக்காயை எடுத்து வெளியே வைக்கிறேன்.

என் கணவர் மருந்துக் கடையில் மருந்தாளர். பொடி எழுத்தைப் படிப்பதுதான் பிழைப்பு. மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கிற தாளை ஒரு வரி விடாமல் படிக்கிற மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை. புது மின்விசிறி வாங்கிய அன்று, அவர் கையேட்டைப் படித்து முடிக்கும்வரை குடும்பமே வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தது. முக்கியமான வரியின் கீழே பென்சிலால் கோடு போடுவார், அளவுகோல் வைத்ததுபோல நேராக.

அட்டையின் பின்பக்கம் மைதானத்தின் விதிகள் அச்சிட்டிருந்தன. ஐந்தாவது விதி: 'ஏழாம் குழியை விட்டு அனைவரும் விலகிய பின்னரே மணியை அடிக்கவும்.'

அதன் கீழே பென்சில் கோடு. நேர்கோடு.

 அட்டையைச் சலவை இயந்திரத்தின் மேல் வைத்து மடிப்பை நீவினேன். பிறகு முன்பக்கத்தைப் பார்த்தேன். ஏழாவது கட்டத்தில் நாலை அடித்துவிட்டு ஐந்து.

ஆகவே மணி எதற்கென்று அவருக்குத் தெரியும். சரி. அதனால் என்ன? எல்லோரும் விலகிவிட்டார்கள் என்று நம்பி, விதிப்படி அடித்திருக்கலாம். பிறகு பயத்தில் ஒரு பொய். பயந்தவர் பொய் சொல்வதில் என்ன அதிசயம்? அண்ணன் திரும்பிப் போனது அவர் காதில் விழாதவரை என் கணவர் தப்பித்துவிடுவார், நானும் தப்பித்துவிடுவேன். அதனால்தான் காற்று. எழுதுகிறவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

6

நான் எழுதும் எதையும் முதலில் படிப்பவர் என் கணவர்தான். எழுத்துப் பிழை, தேதிப் பிழை, தெருவின் திசை, எதையும் விட மாட்டார். இந்தக் கதையை மட்டும் அவரிடம் கொடுக்கவில்லை. சமையலறை இழுப்பறையில், கரண்டிகளுக்கு அடியில் வைத்திருந்தேன். இந்த ஐந்தாம் பகுதிவரைக்கும்.

நேற்றுக் காலை கரண்டி எடுக்கத் திறந்தால், தாள்கள் ஓரம் சேர்த்து அடுக்கப்பட்டிருந்தன.

ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். 'கோல்ஃப்' என்பதில் ஒரு புள்ளியைச் சேர்த்திருந்தார். இரண்டு காற்புள்ளிகள். பென்சில் கோட்டைப் பற்றி நான் எழுதியதைத் தொடவில்லை. "இருங்க மாப்ள, ஒரு மட்டையை அங்கயே விட்டுட்டேன்" என்று அண்ணன் வாயில் நானாகப் போட்ட வசனத்தில், 'ஒரு மட்டையை' என்பதை அடித்துவிட்டு 'சின்ன மட்டையை' என்று திருத்தியிருந்தார்.

அதற்கடுத்த வரியில், 'பெருங்காற்று' என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில், ஓரத்தில், மருந்துச் சீட்டில் எழுதுகிற அதே தெளிவான எழுத்தில்:

அன்று காற்று இல்லை.

 அவர் கூடத்தில் உட்கார்ந்து செருப்புக்கு வார் மாட்டிக்கொண்டிருந்தார். கேட்டிருக்கலாம். அண்ணன் சொன்னது காதில் விழுந்ததா, விழுந்தும் ஏன் கயிற்றை—

தாள்களைத் திரும்பக் கரண்டிகளுக்கு அடியில் வைத்து இழுப்பறையை மூடினேன். அவர் நிமிரவில்லை.

7

இன்று அண்ணன் வந்திருக்கிறார். கட்டுப் பிரித்து மூன்று வாரமாகிறது. ஒற்றைக் கண்ணோடு மாணவர் பக்கத்தில் உட்கார அனுமதி கிடையாதாம். பயிற்சிப் பள்ளியில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, சாலைக் குறிகளைக் குச்சியால் காட்டிக்கொண்டிருக்கிறார். பார்க்க வருகிறவர்களெல்லாம் தலைக்கு வந்தது கண்ணோடு போயிற்று என்கிறார்கள். அவரும் ஆமாம் என்கிறார்.

"ஏதோ கதை எழுதியிருக்கியாமே. அதுல நான் வர்றேனாம்."

"யார் சொன்னாங்கண்ணா?"

"மாப்பிள்ளைதான் போன் பண்ணாரு. ஞாயித்துக்கிழமை வாங்க, உங்க தங்கச்சி வாயாலயே கேளுங்கன்னாரு. எனக்கு இன்னும் எழுத்து சரியா புடிபடல. நீயே படிச்சுக் காட்டு."

சமையலறையில் என் கணவர் இரண்டு தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருக்கிறார். அவை கால் மணி நேரமாகச் சுத்தமாகத்தான் இருக்கின்றன.

என் மடியில் இரண்டு பிரதிகள். ஒன்று நான் எழுதியபடியே நேற்று மறுபடி நகல் எடுத்தது, அதில் காற்று வீசுகிறது. மற்றது அவர் திருத்தியது. முதலாவதைப் படித்தால் என் அண்ணனுக்கு மாப்பிள்ளை மிஞ்சுவார். இரண்டாவதைப் படித்தால் என்ன மிஞ்சும் என்று யோசித்து யோசித்து மூளை வறண்டுவிட்டது. என் கணவர் தானே சொல்லாமல் என் தலையில் கட்டியது கோழைத்தனமா, அல்லது அவருக்குத் தெரிந்த ஒரே நேர்மை அதுதானா? அதையும் நீங்களே சொல்லுங்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். மணிக் கயிறு இப்போது உங்கள் கையில் இருக்கிறது, புதருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

மச்சான் திரும்பி நடந்தார் என்ற வரிவரைக்கும் இரண்டு பிரதியும் ஏறக்குறைய ஒன்றுதான். அதுவரை படித்துவிட்டேன். "சின்ன மட்டைன்னே படிச்சுட்டேனே" என்று பிறகுதான் உறைத்தது. சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது.

அண்ணன் கழுத்தைத் திருப்பி, இருக்கிற கண்ணால் என்னைப் பார்க்கிறார். வலது கால் தரையில் பிரேக்கைத் தேடி எடுத்து, மெதுவாக விடுகிறது.

"ஏன் நின்னுட்ட?" என்கிறார். "எதிர்ல யாரும் இல்ல. போ."