யுஹானுஸுக்குள் ஒரு பூ

கலெர்வோ வேலி வெட்டும் கத்தரியைத் தோளில் சாத்திக்கொண்டு வருவதைப் பார்த்ததும், மிர்வா கையிலிருந்த வாரியலை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். ஓடிப்போய் ரோஜாப் புதருக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள். பின்பக்கம் முள் குத்தியது. நகரவில்லை.

"இதுல மட்டும் கை வைக்காதீங்க!"

"ஏம்மா, நான் என்ன கழுத்தையா வெட்டப் போறேன்? முடி வெட்டப் போறேன். வருஷா வருஷம் வெட்டுறதுதானே?"

"அதான் தப்பு! வருஷா வருஷம் நீங்க வெட்டுறதாலதான் பூக்க மாட்டேங்குது!"

மே மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, ஆறு வீட்டுக்காரர்களும் சேர்ந்து வளாகத்தைக் கூட்டிப் பெருக்கும் நாள். எல்லோருக்கும் பொதுவான நீராவிக் குளியலறையான சவுனாவுக்கு முன்னால் பக்கத்து வீட்டு மார்கெட்டா சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு எல்லோரும் துடைப்பத்தோடு வந்து சுற்றி நின்றார்கள்.

மிர்வா ஊர்ப் பேருந்து ஓட்டுகிறவள். தெற்கே துர்க்கு நகரத்துப் பக்கத்துக்காரி. ஐந்து வருஷத்துக்கு முன்னால் இந்த வடக்கத்தி ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக, சவுனாவின் பின்சுவரை ஒட்டி ஜூன் மாத நடுக்கோடைத் திருநாளான யுஹானுஸின் பெயர் கொண்ட ரோஜாக் கன்று ஒன்றை நட்டாள். அன்றைக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "பாத்துக்கிட்டே இருங்க, ஆள் உயரத்துக்கு வளந்து ஆயிரம் பூ பூக்கும்" என்று சொல்லிவிட்டாள். ஒரு பூ கூடப் பூக்கவில்லை. ஊர் முழுக்க அதற்கு 'மிர்வாவின் முள்வேலி' என்று பெயர் விழுந்ததுதான் மிச்சம்.

போன வாரம்தான் உண்மை தெரிந்தது. பேருந்தில் ஏறிய நாற்றுப்பண்ணைக்காரி ஒருத்தி, விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "இந்த ஜாதி போன வருஷம் விட்ட கிளையிலதான் மொட்டு வைக்கும். வசந்தம் வந்ததும் வழிச்செடுத்தா எங்கேருந்து பூக்கும்?"

கலெர்வோவுக்கு வளாகத்தில் வளைந்து நெளிந்து எதுவும் இருக்கக் கூடாது. இருபது வருஷமாகக் குடியிருப்புச் சங்கத் தலைவர் அவர். ஒவ்வொரு மே மாதமும் நூல் பிடித்து முழங்கால் உயரத்துக்குச் சமமாக நறுக்கிவிடுவார். ஆகஸ்டுக்குள் அது தோள் உயரத்துக்கு எகிறும். அடுத்த மே மாதம் மறுபடி நறுக்கு.

"சரி, பேசியே தீத்துடலாம்." கலெர்வோ கத்தரியைக் கீழே வைத்தார். "ஜனவரியில மைனஸ் முப்பத்தாறு டிகிரியில என் கார் உசிர விட்டுச்சு. பொண்ணு பிரசவத்துக்குத் துணையாப் போக முடியாம இங்கேயே முழிச்சுக்கிட்டு இருந்தேன். காரைச் சூடேத்துற மின்கம்பம் நட இந்த இடத்த விட்டா வேற இடம் இல்ல. திங்கக்கிழமை தோண்டுற வண்டிக்காரன் வரேன்னுட்டான். இன்னிக்கு நறுக்கி வச்சா அவனுக்கு வேரப் பிடுங்க சுலபம்."

மிர்வா முள்ளோடு இன்னும் ஒட்டி நின்றாள். "திங்கக்கிழமையா?"

"அவன் கிடக்கிறான்" என்று மார்கெட்டா குறுக்கே புகுந்தாள். ஆஸ்பத்திரிச் சமையல்காரி, நாற்பது பேருக்குக் கேட்கிற குரல். "பேரே யுஹானுஸ் ரோஜா. யுஹானுஸ் வரைக்கும் விட்டுப் பாருங்க தலைவரே! பூத்தா இருக்கட்டும். பூக்கலைன்னா நானே வேரோட பிடுங்குறேன்."

கலெர்வோ யோசித்தார். "யுஹானுஸ் முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு வழக்கம்போல தேசியக் கொடி ஏத்துவேன். அதுக்குள்ள ஒரே ஒரு பூ. ஒண்ணு போதும். இல்லேன்னா அடுத்த திங்கக்கிழமை வண்டி வரும்."

"பேச்சு பேச்சுதான்!" மிர்வா கையை நீட்டினாள். அவரும் குலுக்கினார். அவசரத்தில் அவளுக்கு ஒன்று மறந்துவிட்டது. யுஹானுஸில் அது பூப்பதெல்லாம் துர்க்கு பக்கம். இந்தக் குளிர்நாட்டில் ஜூலை பிறக்காமல் எந்த ரோஜா வாய் திறந்தது?

ஜூன் ஐந்தாம் தேதி ஆலங்கட்டியும் பனியும் கலந்து பெய்தது. யுஹானுஸுக்கு இன்னும் பதினைந்து நாள். மிர்வா கொசுவை விரட்டிக்கொண்டே புதரைக் கிளை கிளையாகப் புரட்டினாள். மொட்டு இருந்தது! முதல் தடவையாக, நூற்றுக்கணக்கில்! ஆனால் ஒவ்வொன்றும் மிளகு அளவு. இந்த வேகத்தில் போனால் தோண்டுகிற வண்டி வந்து போன பிறகுதான் பூக்கும்.

பின்னால் கையை விட்டுச் சுவரோரக் கிளையை இழுத்தாள். கை அப்படியே நின்றது. அங்கே மொட்டு கொண்டைக்கடலை அளவு இருந்தது.

"மார்கெட்டா! ஏ மார்கெட்டா! ஓடி வா!"

"என்னடி, பாம்பா?"

"இங்க பாரு, சுவத்தோரம் மட்டும் பெருசா இருக்கு! சுவத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு சொல்லு?"

"சவுனா அடுப்பு. அதுக்கென்ன?" மார்கெட்டா சுவரில் உள்ளங்கையை வைத்தாள். நேற்று அவள் முறை. மரச்சுவர் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. "அடி கெட்டிக்காரி!"

சவுனாவில் ஆளுக்கு ஒரு நாள் முறை. கோடை வந்தால் பாதிப்பேர் ஏரிக்கரைக் குடிசைக்குப் போய்விடுவார்கள். அடுப்பு சும்மா கிடக்கும். மிர்வா அன்றைக்கே வீடு வீடாக ஏறி இறங்கினாள். நாலு வீட்டு முறை கைக்கு வந்தது. அவளுடையதோடு ஐந்து. கதவில் தொங்கும் பட்டியலில் ஐந்து இடத்தில் தன் பெயரை எழுதினாள். மிச்சமிருந்தது கலெர்வோவின் புதன்கிழமை. அதைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

முதல் நாள் விறகை அடுக்கிப் பற்றவைத்துவிட்டு வெளியே வந்தாள். கலெர்வோ பட்டியலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"எங்க போற?"

"வீட்டுக்கு. சுவரு சூடானா போதும்."

"சூடு பண்ணின சவுனாவ வெறுமனே விட்டுட்டுப் போறதா? எங்கப்பா இருந்திருந்தா உன்ன ஊர விட்டே தள்ளி வச்சிருப்பாரு. முறை எடுத்தா உள்ள உக்காரணும். அதான் முறை."

"அஞ்சு நாளுமா?"

"அஞ்சு நாளும்."

உட்கார்ந்தாள். துணைக்கு மார்கெட்டாவும் வந்தாள். அடுப்பின் மேல் காய்ந்த கல்லில் தண்ணீரை ஊற்றி, பிர்ச் மர இலைக்கொத்தால் முதுகில் அடித்துக்கொண்டு, தினமும் இரண்டு மணி நேரம். நாலாம் நாள் பேருந்தில் ஏறிய பிள்ளைகள், "மிர்வா, உங்க மூஞ்சி ஏன் வேகவச்ச நண்டு மாதிரி இருக்கு?" என்று கேட்டன. அவள் சிரித்துக்கொண்டே கியரைப் போட்டாள். மொட்டு சுண்டைக்காய் அளவாகியிருந்தது!

யுஹானுஸ் வாரத்துப் புதன்கிழமை. இரவு உறைபனி விழும் என்று வானொலி சொன்னது. கலெர்வோ முந்தின நாளே ஏரிக்குப் போய்விட்டார். அவர் முறையில் இன்னொருவர் அடுப்பு பற்றவைப்பது இந்த ஊரில் அடுத்தவர் சட்டைப்பையில் கைவிடுவது மாதிரி. மிர்வா சமையலறை ஜன்னலில் நின்று நகத்தைக் கடித்தாள். இன்றைக்குச் சுவர் குளிர்ந்தால் இத்தனை நாள் வெந்ததும் வீண்.

ஐந்து மணிக்குப் புகைபோக்கியில் புகை எழும்பியது.

செருப்பில்லாமல் ஓடினாள். உள்ளே கல்லில் தண்ணீர் விழுந்து புஸ்ஸென்று சீறும் சத்தம். கதவைத் தட்டினாள்.

"கலெர்வோ? ஏரிக்குப் போகலையா?"

"போய்ட்டு வந்தேன்! நாப்பது கிலோமீட்டர்! என் முறைய வீணாக்க நான் என்ன மடையனா? குளிக்க வந்தேன், அவ்வளவுதான். வேற எதுக்கும் இல்ல!"

மூன்று மணி நேரம் உள்ளே இருந்தார். அறுபத்தாறு வயது மனுஷர். வெளியே வரும்போது துண்டைக் கட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் ஆவி பறக்க, நேரே புதருக்குப் பின்னால் போய்க் குனிந்தார். பிறகு ஒன்றும் நடக்காதது போல இருமினார்.

"நுனியில வெள்ளை தெரியுது" என்றார். "சும்மா தகவலுக்குச் சொன்னேன்."

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கே ஏரிக்குப் போகாத அத்தனை பேரும் சவுனாவுக்குப் பின்னால் காப்பிக் கோப்பையோடு கூடிவிட்டார்கள். மொட்டு உப்பி வெடித்து நின்றது. வெள்ளை இதழ் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு இறுகியிருந்தது. விரிந்தபாடில்லை.

"ஊதிப் பாக்கலாமா?" என்று கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள்.

"தொட்டே, கைய உடைச்சிடுவேன்!" என்றாள் மார்கெட்டா.

ஐந்து ஐம்பத்தெட்டு. கலெர்வோ கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருபது வருஷத்தில் ஒரு நிமிஷம் பிந்தியதில்லை. ஆறடித்தது. எதிர் வளாகத்தில் நீலச் சிலுவைக் கொடி ஏறியது. அதற்கு அடுத்த வீட்டிலும் ஏறியது. இவர் கை அசையவில்லை.

மிர்வா மொட்டைக் கடைசியாக ஒரு தடவை பார்த்தாள். நிமிர்ந்து நின்றாள். "ஏத்துங்க தலைவரே. கை குலுக்கினேன். தோத்தா தோத்ததுதான்."

"காத்து சரியில்ல" என்றார் கலெர்வோ.

"காத்தே இல்லையே!"

"அதான் சொல்றேன், சரியில்லன்னு. கொடி பறக்க வேணாமா?"

ஆறு பத்து. ஆறு இருபது. கயிற்றைப் பிடித்திருந்த கலெர்வோவின் காதுமடல் சிவந்துகொண்டே போனது. தெருவில் போன ஒருவர், "என்னப்பா, நாட்ட வித்துட்டீங்களா?" என்று கேட்டார். கலெர்வோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆறு முப்பத்தைந்துக்கு வெளி இதழ் ஒன்று மெல்ல நழுவிக் கீழே சாய்ந்தது. பின்னால் இன்னொன்று. யாரோ எண்ணுவது போல ஒவ்வொன்றாக அவிழ்ந்து, நடுவில் மஞ்சள் தெரிந்தது. சவுனாப் புகையைத் தாண்டிக்கொண்டு வாசனை வந்தது.

"பூத்துடுச்சு!" முதலில் கத்தியது கலெர்வோதான். கயிற்றை இழுத்த இழுப்பில் கொடி உச்சியில் போய் முட்டி நின்றது. "பூத்துடுச்சு! ஆறு மணிக்குப் பூத்துடுச்சு!"

"இப்ப ஆறு முப்பத்தஞ்சு!"

"நான் கொடி ஏத்துறப்பதான் ஆறு மணி! அப்படித்தான் பேச்சு!" என்று சொல்லிக்கொண்டே கைப்பேசியை எடுத்தார். "ஹலோ! திங்கக்கிழமை வராதே! ... ஆமா, வேண்டாம்! ... கம்பத்த என் வாசல் புல்வெளியில நட்டுக்கலாம். புல்லு போனா போகுது! ... இருப்பா, இருப்பா, இங்க ரெண்டாவதும் விரியுது!"

மிர்வா அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் புதரை நோக்கிப் பாய்ந்தாள். மார்கெட்டா கையை நீட்டித் தடுத்தாள்.

"வரிசையில வா. மோந்து பாக்க ஆறு பேரு முன்னாடி நிக்கிறாங்க."

நட்டவள், காத்தவள், பதினைந்து நாள் வெந்தவள், வரிசையின் கடைசியில் போய் நின்று, முன்னால் இருப்பவர்களின் தோளுக்கு மேலாகத் துள்ளித் துள்ளி எட்டிப் பார்த்தாள்.