அன்னக்கொடி மாட்டிவிட்ட காலுறை

பாப்பம்மாள் ராசாத்தி மாதிரி இருந்தது கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில்தான். சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் உண்மை. கவுஞ்சியில் உருளைக்கிழங்கு மூட்டையோடு வரப்பில் சறுக்கி விழுந்தவளைக் கொடைக்கானலுக்குத் தூக்கி வந்து, முழங்கால்வரை மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். தாலி கட்டிய நாளிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூட அவளுக்கு யாரும் எடுத்துக் கொடுத்ததில்லை. இங்கே அன்னக்கொடி என்ற நர்ஸ் பயிற்சிப் பிள்ளை வெந்நீரில் முகம் துடைத்து, சிக்கெடுத்துத் தலை பின்னிவிட்டாள். நடுவில் சீப்பை நிறுத்தி, "வலிக்குதாக்கா?" என்று வேறு கேட்டாள்.

சனிக்கிழமைதோறும் பெரிய சிஸ்டர் கட்டில் கட்டிலாக வருவார். பயிற்சிப் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டே நோயாளியிடம், "பிள்ளை எப்படிப் பாக்குது?" என்பார். பக்கத்துக் கட்டில் வேலுத்தாய்க்கு வாய் சும்மா இருக்காது.

"ஊசி போட்ட எடம் கடுக்குதுங்க" என்று சொல்லிவைத்தாள். அவளைப் பார்த்துக்கொண்ட பிள்ளையை அன்றைக்கே வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். பாப்பம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள்.

அவள் முறை வந்தது. "ஒரு கொறையும் இல்லைங்க. பெத்த மகளாட்டம் பாக்குது" என்றாள். அன்னக்கொடி தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டாள்.

பனி கூடியது. கட்டுக்கு வெளியே நீட்டியிருந்த விரல்கள் சில்லிட்டன. அன்னக்கொடி தன் பெட்டியிலிருந்து ஒரு கம்பளிக் காலுறையை எடுத்துவந்து மாட்டிவிட்டாள். கட்டு இறுகி ரத்தம் ஓடாமல் போகிறதா என்று தினமும் விரல்களின் நிறம் பார்க்க வேண்டும் என்பது அவளுக்குப் பாடம். அதனால் மறுநாள் கழற்ற வந்தாள்.

"கழட்டாத தாயி, குளிருது."

"விரல்ல உணர்ச்சி இருக்காக்கா?"

"இருக்கு, இருக்கு. நீ போயி ஒஞ் சோலியப் பாரு."

உணர்ச்சியும் இல்லை, ஒன்றும் இல்லை. முதலில் விண்விண்ணென்று தெறித்த கால் பிறகு மரத்தே போயிருந்தது. கவுஞ்சிக்காரிக்கு அது புதுசா என்ன? பனியில் கிழங்கு தோண்டினால் கால் மரக்கும், அடுப்படியில் உட்கார்ந்தால் சரியாகிவிடும். இதைப் போய்ச் சொல்லி, இந்தப் பிள்ளையையும் மாற்றிவிட்டால் என்ன செய்வது என்றுதான் அவளுக்குப் பயம். அன்னக்கொடி தினமும் கழற்ற வந்தபோதும் அதே பதில்தான். அடுத்த சனிக்கிழமையும் "கொறையில்லைங்க" என்றாள். பெரிய சிஸ்டர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நாற்றம் வந்த பிறகுதான் காலுறையைக் கழற்றினார்கள். விரல்கள் கருத்துக் கிடந்தன. காலை முழங்காலோடு எடுக்க வேண்டியதாயிற்று. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

மயக்கம் தெளிந்ததும் பாப்பம்மாள் பெரிய சிஸ்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "அந்தப் பிள்ள மேல தப்பில்லைங்க. நல்லாத்தான் பாத்துச்சு."

"நீ அப்படிச் சொன்னதை நம்பித்தானம்மா நானும் போர்வையை விலக்கிப் பாக்கல" என்றார் அவர். ஆனாலும் அன்னக்கொடியை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

போகிற அன்று தகரப் பெட்டியோடு கட்டிலருகே வந்து நின்றாள்.

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா ஒன்னைய மாத்திருவாகன்னுதான் தாயி."

அன்னக்கொடி பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சீப்பை எடுத்தாள். பின்னல் பாதியில் இருக்கும்போதே, வத்தலக்குண்டு பஸ் கிளம்புகிறது என்று வாசலில் யாரோ சத்தம் போட்டார்கள். பாப்பம்மாளுக்கு அழுகை பொங்கியது. பின்னலை அப்படியே விட்டுவிட்டு அன்னக்கொடி ஓடினாள்.

பாப்பம்மாள் அந்தப் பாதிப் பின்னலை அவிழ்க்கவே இல்லை. சனிக்கிழமை பெரிய சிஸ்டர் வந்தார். புதுப் பிள்ளை பக்கத்தில் நின்றது. கேட்டால் இந்தத் தடவை உள்ளதைச் சொல்லிவிட வேண்டும், வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று பாப்பம்மாள் காத்திருந்தாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நேரே போர்வையை விலக்கிக் கட்டைப் பார்த்தார், மூடினார், அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.