ஒரே மிதியில் நிற்கும் கார்

என் மகள் யுதெல்கிஸுக்குப் பதினைந்து வயது நிறைகிற விழா. ஹவானாவில் அன்றைக்குப் பெண்ணை ராணி மாதிரி உடுத்தி, மேல்மூடி இல்லாத காரில் கடலோரச் சாலையில் ஊர்வலம் விடாவிட்டால் அது விழாவே இல்லை. என்னிடமும் கார் இருக்கிறது, என் அப்பா ஓட்டிய நீலக் கார். ஆனால் அவள் கேட்டது எதிர்வீட்டு எலியேசரின் சிவப்புக் காரை.

"உன் வண்டியில மேல உக்காந்து கையாட்ட முடியாதுப்பா. அதோட, நீ பிரேக் போட்டா அது யோசிச்சுட்டுத்தான் நிக்கும்."

எனக்கு வயிறு எரிந்தது. அவன் காரும் என் கார் காலத்துக் கிழம்தான். மயாமியிலிருந்து அவன் தங்கை அனுப்பிய டிஸ்க் பிரேக்கைப் பூட்டியதிலிருந்து அவன் கால் தரையில் பாவுவதில்லை. என் காரில் பெடலை மூன்று முறை ஓங்கி மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும். மழைத் தண்ணீரில் வண்டி இறங்கி ஏறினால் பிரேக் இடப்பக்கம் இழுக்கும். முன்கூட்டியே ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கம் பிடித்து வைக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்தவன்தான் டிரைவர். அவன் ஓட்டுவதெல்லாம் ஓட்டலா?

"வண்டி அவனோடதா இருக்கட்டும். ஓட்டுறது நான்தான். பெத்தவன் நான்" என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

எலியேசர் சாவியைக் கொடுத்தான். "அண்ணே, பிரேக்கைச் சும்மா தொட்டாப் போதும். உங்க வண்டின்னு நெனச்சு மிதிச்சுராதீங்க."

"நீ டவுசர் போட்டுத் திரிஞ்சப்பவே வண்டி ஓட்டினவன்டா நான். எனக்கே சொல்லித் தர்றியா?"

ஊர்வலம் கிளம்பியது. பின்சீட்டின் முதுகின் மேல் யுதெல்கிஸ் ரோஜா நிறக் கவுனில் உட்கார்ந்து கையாட்டினாள். அவளுக்குப் பக்கத்துச் சீட்டில் எலியேசர். முன்னால் என் மனைவி ஒதாலிஸ், மடியில் பெரிய கேக். தெருவில் எல்லோரும் "எலியேசர், வண்டி சூப்பர்!" என்று கத்தினார்கள். ஓட்டுகிற என்னை ஒரு நாயும் திரும்பிப் பார்க்கவில்லை.

திடீரென்று ஒரு சைக்கிள்காரன் குறுக்கே வந்தான். பழகிய கால், ஓங்கி மிதித்துவிட்டது. முதல் மிதியிலேயே வண்டி ஆணி அடித்தாற்போல் நின்றது. கேக் கண்ணாடியில் அப்பியது. முன்னால் பாய்ந்து விழப்போன யுதெல்கிஸை எலியேசர் இடுப்பைப் பிடித்து இழுத்தான்.

அவள் மறுபடி மேலே ஏறி உட்கார்ந்து சொன்னாள்: "அப்பா, நீ இறங்கு. மாமா ஓட்டட்டும்."

எலியேசர் ஒரு வார்த்தை நக்கலாகச் சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். பாவி, அதுகூடச் சொல்லவில்லை. "பின்னாடி ஏறிக்குங்கண்ணே. பாப்பாவைப் பிடிச்சுக்குங்க" என்றான்.

ஏறினேன். மகளின் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஸ்டியரிங் போய், இந்தப் பிடி மட்டும்தான் எனக்கு மிச்சம். அடுத்த திருப்பத்தில் அவன் பிரேக்கைத் தொட்டான். நின்றதே தெரியாமல் வண்டி நின்றது.

யுதெல்கிஸ் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே என் கையை விலக்கினாள்.

"விடுப்பா. மாமா ஓட்டினாப் பிடிக்கவே வேண்டாம்."