கோயில் கிணற்று நோட்டீஸ்

ஆடி மூன்றாம் வெள்ளிக்கு முந்தின நாள், சுகாதார ஆய்வாளர் ஸ்டீபன்ராஜ் திண்டிவனத்திலிருந்து வண்டியை விட்டுக்கொண்டு கிளியனூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு வந்து சேர்ந்தான். ஊர்ப்பேர் எதற்கு, இப்போது அங்கே எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். அன்றைக்கு அப்படியில்லை. இரண்டே நாளில் காலனியில் பதினோரு பேருக்கு வாந்திபேதி. உயிருக்கு மோசமில்லை, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

வந்த நேரம்தான் பொல்லாத நேரம். அம்மன் கோயிலில் ஆடிக்கூழ் ஊற்றுவது காலங்காலமாக ஊர்த்தெருக்காரர்களின் உரிமை. மூன்று வருடம் பேசி, தாசில்தார் வரைக்கும் நடந்து, இந்த ஆடிக்குத்தான் காலனிக்கும் ஓர் அண்டா என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். மகளிர் குழுத் தலைவி கிருஷ்ணவேணி நாற்பது வீட்டில் கேப்பை வாங்கி, அரைத்து, மாவைப் புளிக்கவும் வைத்துவிட்டாள். இந்தத் தடவை நின்றுபோனால், அடுத்த ஆடிக்கு 'போன வருசமே ஆகி வரல' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அது அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

தர்மகர்த்தா வெங்கடாசலம் பேச்சில் வெண்ணெய் தடவுகிற மனிதர். ஸ்டீபன்ராஜை உட்காரவைத்து, மோர் கொடுத்து, எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம் என்றெல்லாம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். பாவம் காலனி ஜனங்கள், சீக்கு வந்த இடத்தில் கூழ் காய்ச்சலாமா, அந்த ஒரு அண்டாவை மட்டும் நிறுத்தி எழுதிக் கொடுத்துவிட்டால் கோயில் அண்டாக்கள் வழக்கம்போல நடந்துவிடும் என்றார்.

அதில் தப்பு சொல்ல ஸ்டீபன்ராஜுக்கு எதுவும் அகப்படவில்லை. விழுப்புரத்து மேலதிகாரியும் போனில் அதைத்தான் சொன்னார்: நோய் எங்கேயோ அங்கே நிறுத்து, எழுதி அனுப்பு, நான் கையெழுத்துப் போடுகிறேன். வானூர்ப் பக்கம் இதே மாதிரி ஒரு காலனித் தெருவில் பிறந்தவன் அவன். எழுத உட்கார்ந்தபோது வாயெல்லாம் கசந்தது. தனக்குக் கசக்கிறது என்பதற்காகப் பேதியை வளரவிட முடியுமா என்று தன்னையே அதட்டிக்கொண்டு, எழுதுமுன் நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிடலாமென்று காலனிக்குப் போனான்.

கிருஷ்ணவேணி கூச்சல் போடவில்லை. மாவுப்பானைக்குப் பக்கத்தில் நின்றபடியே கேட்டுக்கொண்டாள்.

"நிறுத்துறதுன்னா நிறுத்துங்க சார். ஆனா நாப்பது வூடும் ஒரே கொழாய்லதான் குடிச்சிக்கினு கீறோம். இந்தப் பதினோரு பேருக்கு மட்டும் இன்னாத்துக்கு வந்துச்சி? அத பாத்துட்டு நிறுத்துங்க."

ஸ்டீபன்ராஜுக்கு வெட்கமாகப் போய்விட்டது. வரும் வழியில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்களிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டானே தவிர, எங்கே தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்கவில்லை. வீடு காலனியில் இருந்தால் நோயும் காலனியில்தான் பிறந்திருக்கும் என்று அவனும்தானே நினைத்துவிட்டான்.

அவள் குழு நோட்டை எடுத்து வந்தாள். செவ்வாய்க்கிழமை கோயிலில் அண்டா தேய்க்கப் போனவர்கள் பன்னிரண்டு பேர். அவர்களில் பதினோரு பேர் இப்போது ஆஸ்பத்திரியில். பன்னிரண்டாவது ஆள் அமலா, வீட்டிலிருந்தே பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோனவள். மற்றவர்கள் வெயில் தாங்காமல் கோயில் கிணற்றில் சேந்திக் குடித்திருக்கிறார்கள். ஊர்த்தெருவில் அந்தக் கிணற்றை யாரும் குடிக்கத் தொடுவதில்லை, வீட்டுக்கு வீடு கேன் தண்ணீர். ஆடியில் அம்மன் கூழைக் கரைக்க மட்டும்தான் அதில் வாளி இறங்கும்.

ஸ்டீபன்ராஜ் காலனிக் குழாய்த் தண்ணீரில் மருந்துச் சொட்டு விட்டுப் பார்த்தான். குளோரின் இருந்தது, நன்றாக மஞ்சளாயிற்று. பிறகு கோயில் கிணற்றை எட்டிப் பார்த்தான். பின்பக்கம் பத்தடியில் புதுக் கழிவறைக் குழி. பாட்டிலில் தண்ணீர் பிடித்து விழுப்புரத்துக்கு அனுப்பிவிட்டு மேலதிகாரிக்குப் போன் போட்டான். முடிவு வர நான்கு நாள் ஆகும், அதுவரை காத்திருக்கச் சட்டம் சொல்லவில்லை என்றார் அவர். ஒரு மணி நேரத்தில் உத்தரவு வந்தது. காலனி அண்டாவைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. கோயில் கிணற்றுத் தண்ணீரை யாரும் எதற்கும் எடுக்கக்கூடாது என்றிருந்தது.

நோட்டீஸைப் பார்த்ததும் வெங்கடாசலத்தின் வெண்ணெய் உருகிவிட்டது. அடுப்பில் வேகிற கூழில் கிருமி எங்கே தங்கும் என்று கேட்டார். களிதான் வேகிறது, காலையில் கரைக்கிற தண்ணீர் பச்சைத் தண்ணீர் என்றான் ஸ்டீபன்ராஜ்.

"கோயில் கெணத்த மூட உனக்கு ஏதுப்பா அதிகாரம்?"

"கெணறு யாருதுன்னு சட்டம் கேக்கலீங்க. தண்ணி எப்டி கீதுன்னுதான் கேக்குது."

வேறு தண்ணீரில் கரைப்பது வழக்கமில்லை, எங்கள் அண்டா ஏறாது என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, அப்படியே கூட்டம் கூடவும் தடை போட்டுவிடு, யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது என்றார். ஸ்டீபன்ராஜுக்கும் அதுதான் சுலபம். ஒரு வரி எழுதிக் கேட்டால் விழுப்புரத்தில் மறுக்கமாட்டார்கள், அவன் தலைவலியும் தீரும்.

"அந்த அதிகாரமும் ஆபீசர் கிட்ட கீதுங்க. நல்ல தண்ணியில கரைக்கிற கூழ நிறுத்த அத கேட்டு நான் எழுதமாட்டேன்."

வெள்ளிக்கிழமை காலையில் கோயில் முன்னால் ஒரே ஓர் அண்டாதான் இருந்தது. காலனிக் குழாய்த் தண்ணீரில் கரைத்த கூழ், வெங்காயமும் மோரும் போட்டு விளிம்புவரை நின்றது. காலனி ஜனங்கள் குடித்து முடித்தார்கள். ஊர்த்தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. மணி பத்தானது. கரண்டியைப் பிடித்திருந்த கிருஷ்ணவேணியின் கண் கலங்குவதை ஸ்டீபன்ராஜ் பார்த்தான். அனுமதி வாங்கித் தரலாம், குடிக்க வைக்க எந்தச் சட்டமும் இல்லையே என்று நினைத்துக்கொண்டான்.

அப்போது வெங்கடாசலம் வந்தார். ஊரில் சீக்கு நடமாடும்போது அம்மன் கூழை வேண்டாமென்று வீட்டில் படுத்திருக்க அவருக்குத் துணிச்சல் போதவில்லை. கையில் ஒரு சொம்பு. யார் முகத்தையும் பார்க்காமல் நீட்டினார். பின்னால் ஒவ்வொரு கதவாகத் திறந்து ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கிருஷ்ணவேணி கரண்டியால் கூழைக் கலக்கினாள். பக்கத்தில் காலனிக் குழாயில் பிடித்த குடம் இருந்தது. எல்லாரிடமும் கேட்டதைத்தான் அவரிடமும் கேட்டாள்.

"கெட்டியா ஊத்தவாங்க, தண்ணி விட்டா?"

அவர் குடத்தைப் பார்த்தார்.

"தண்ணி விட்டே ஊத்தும்மா" என்றார்.