விட்டுவைத்த குஞ்சுகள்

முதல் நடவை நத்தை தின்று தீர்த்த மறுநாளே கந்த சஷ்டி விரதம் தொடங்கிவிட்டது. ஆறுமுகத்தாய் விரதம் இருந்தது மகள் சரண்யாதேவிக்காக. தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்டு ஆறு வருடமாகியும் அவளுக்கு ஒரு பிள்ளை தங்கவில்லை. வயலும் அதே நேரம் பார்த்துக் கழுத்தைப் பிடித்தது. ஆத்தூருக்குக் கீழே கடைமடையில் கிடக்கிற அந்த ஒரே வயல் இந்தப் பிசானப் பட்டத்தில் விளைந்தால்தான் வீட்டுக்கு நெல். மழைக்காலத்தில் அங்கே தண்ணீரை வடித்து நத்தையைக் காயப்போட வழி கிடையாது. கடைசி விதைநெல்லை மறுபடி நாற்றுப் பாவியிருந்தார்கள். அதுவும் போனால் இந்த வருடம் அவ்வளவுதான்.

நாற்று வளர்வதற்குள் நத்தையைப் பொறுக்கி ஒழித்துவிட வேண்டும் என்றான் கணவன் சுடலைமாடன். அவனுக்கு இடுப்புப் பிடிப்பு, குனிய முடியாது. வரப்பில் நின்று மேஸ்திரி வேலை பார்ப்பதற்கு மட்டும் அந்த இடுப்பு நன்றாகவே ஒத்துழைத்தது.

வெறும் வயிற்றோடு ஆறுமுகத்தாய் சேற்றில் இறங்கினாள். எலுமிச்சம்பழம் அளவு நத்தைகளை வாளி வாளியாக அள்ளிக் கொடுத்தாள். அவன் ரோட்டில் கொட்டி மிதித்து நொறுக்கினான். பெரிசுகளுக்கு நடுவே சுண்டைக்காய் அளவில் குஞ்சுகள் நெருக்கியடித்துக் கிடந்தன. அவற்றையும் அள்ளத்தான் கையை விட்டாள். உள்ளங்கையில் ஒன்று கொம்பை நீட்டி மெல்ல ஊர்ந்தது. அவளுக்கு மனசு வரவில்லை. கையைத் தண்ணீரில் அலசி விட்டுவிட்டாள்.

“ஏளா, பொடிசையும் அள்ளு.”

“பிள்ளை வரம் கேட்டு வெரதம் இருந்துக்கிட்டு, குஞ்சைக் கொல்லச் சொல்லுதியளா? இத்துனூண்டு, அது என்னத்தத் தின்னுறப் போவுது?”

சுடலைமாடன் வாளியை வாங்கிக்கொண்டு ரோட்டுக்குப் போனான். பேரப்பிள்ளை ஆசை அவனுக்கும் இருந்தது.

சூரசம்ஹாரம் முடிந்து விரதம் விட்டாள். பிறகு மழை பிடித்துக்கொண்டது. நாற்றங்காலைக் காப்பாற்றுவதே பெரும்பாடாக இருந்ததால் வயல் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒருவழியாக நாற்றைப் பறித்து நட்டபோது தண்ணீர் கலங்கலாகக் கிடந்தது. அடியில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஒரு வாரத்தில் நாற்றெல்லாம் அடியோடு அறுபட்டு மிதந்தது. வரப்போரப் புல்லிலும் குச்சியிலும் ரோஸ் நிறத்தில் நத்தை முட்டை கொத்துக் கொத்தாக அப்பியிருந்தது.

சுடலைமாடன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வயலில் இறங்கினான். அது செல்லத்தாய் நடாமல் தரிசாகப் போட்ட வயல். ஒரு கை நத்தையை அள்ளிக்கொண்டு வந்தான். பெரிசு ஒன்றிரண்டு, பொடிசெல்லாம் இன்னும் அதே சுண்டைக்காய் அளவு.

“இங்கன பாரு. செல்லத்தாய் ஒண்ணையும் பொறுக்கல. ஒண்ணு மேல ஒண்ணு கெடந்து, தீனி பத்தாம, அன்னைக்கு இருந்த மேனிக்கே கெடக்கு. முட்டையும் அங்கொண்ணு இங்கொண்ணுதான். நம்ம பெருசையெல்லாம் அள்ளி எடம் பண்ணிக் கொடுத்துட்டோம். மிச்சம் கெடந்தது தின்னு பெருத்துட்டு.”

“அப்ப ஒண்ணையும் பொறுக்காம நட்டிருந்தா?”

அவன் கொஞ்சம் யோசித்தான். “அதுவும் தின்னுதான் இருக்கும். அத்தனை வாயி.”

ஆறுமுகத்தாய் வரப்போரம் அப்பியிருந்த முட்டைகளைப் பார்த்தாள். இரக்கப்பட்டது இப்படித் திரும்பும் என்று யார் கண்டார்கள்?

“முருகன் காதுல நம்ம வேண்டுதல் விழத்தான் செஞ்சிருக்கு,” என்றாள். “மவ வீட்டுக்குக் கேட்டத நம்ம வயல்ல எறக்கிட்டான்.”

 அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, முட்டைக் கொத்துகளை ஒவ்வொன்றாக வழித்து நசுக்கத் தொடங்கினாள்.

“ஏறி வாளா. எதுக்கு இது? காப்பாத்த ஒரு நாத்துகூட இல்ல.”

“தெரியும்,” என்று அழுதுகொண்டே அடுத்த கொத்துக்குப் போனாள்.